கூடுதல் எட்டு

கடையின் கண்ணாடி மேசைமேல் இரண்டு உறைகள்.

இடதுபுறம் எட்டு ஜிபி ரேம் ஒன்று. வீட்டுக் கணினியில் இருக்கும் பழைய எட்டோடு சேர்த்தால் பதினாறு. வேகம் பழைய வேகம்தான்.

வலதுபுறம் ஒரு ஜோடி. நான்கும் நான்கும். கூட்டினால் அதே எட்டு, ஆனால் வேகமானவை. கணினியில் உள்ள இரண்டு இடத்தையும் அவையே பிடித்துக்கொள்ளும். பழையதைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டும் ஒரே விலை. அதுதான் தொல்லை.

"இந்த ஜோடியில ஒண்ணை மட்டும் பழசோட போடலாங்களா?" என்று கேட்டான்.

கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"போடலாம் தம்பி. ஆனா வேகமானதும் பழசுக்குத் தக்கன மெதுவாத்தான் ஓடும். அதுக்கு எதுக்குங்க வேகத்தை வாங்கிட்டுப் போறீங்க?"

மூன்றாவது வழி இல்லை என்றாயிற்று.

"வீட்டுல கம்ப்யூட்டரை ஒரு ஆளு பாப்பீங்களா, ரெண்டு ஆளா?"

"அதைத்தான் யோசிக்கிறேங்க."

"ஆளு எத்தனைன்னுமா யோசிப்பாங்க!" அவள் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.

காலையில் அம்மா சொல்லியிருந்தாள். "அவ நாளைக்குப் போயிருவா. நீ உனக்குத் தோதா வாங்கிக்க."

அவ என்றது தாரணி அக்காவை.

நான்கு மாதம் முன்பு ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். "இனிமே அங்க என்னால முடியாதும்மா" என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவனும் கேட்கவில்லை.

நாளை ஞாயிறு. அவள் வீட்டுக்காரரும் மாமியாரும் அழைத்துப்போக வருகிறார்கள்.

அக்கா வந்த மாதமே வேலை தேடிக்கொண்டாள். மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. வீட்டிலிருக்கும் அந்த ஒரே கணினியில் அவன் முறை வந்ததும் எழுந்து இடம் விடுவாள். ஆனால் திரையில் தான் திறந்துவைத்தவற்றை மூடமாட்டாள். மூடினால் வரிசை போய்விடும், வேலை வேறு யாருக்காவது போகும். அவன் கட்டட வரைபடம் அந்த நெரிசலுக்குள் திணறும். ஒரு சுவரைத் திருப்பினால் திரை அப்படியே உறைந்து நிற்கும்.

தெருவில் பைக் ஏதாவது வந்து நின்றால் அவள் விரல்களும் நிற்கும். வண்டி யாருடையது என்று தெரிந்தபிறகே மறுபடி தட்டச்சு.

முறைக்காகப் பின்னால் காத்திருக்கையில் பார்த்திருக்கிறான். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

மற்றதெல்லாம் எழுதியிருந்தான். எவ்வளவு ரேம் நிரம்புகிறது என்று ஏழு நாள் அளந்திருந்தான். ஆறு நாள் ஏழரைக்கு மேல். செவ்வாய்க்கிழமை மட்டும் ஐந்து. அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லவைத்து, அம்மா அவளை யாரோ பெரியவரிடம் புத்தி சொல்லக் கூட்டிப்போயிருந்தாள்.

ஆக, அக்கா இருந்தால் பதினாறு வேண்டும். இல்லாவிட்டால் எட்டே தாராளம், வேகம்தான் லாபம். வியாழக்கிழமை, வரைபடம் கற்கும் மாலை வகுப்பில் அவனுக்குத் தேர்வு. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். சரியாக இருப்பதுதான் உறுத்தியது.

நோட்டைப் பிரித்தான்.

பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்திருந்தான். ஒரு பக்கத் தலைப்பு: அக்கா இருந்தால். மறுபக்கம் முதலில் 'அக்கா இல்லாவிட்டால்' என்று எழுதி, என்னவோபோல் இருக்கவே அடித்துவிட்டான். 'அக்கா போனபின்' என்று மாற்றியிருந்தான்.

அதுவும் என்னவோபோல்தான் இருந்தது.

அதன் கீழே, அவன் எழுதாத ஒரு வரி.

'இதுவே சரிடா. வேகமானதையே வாங்கு.'

அவள் எழுத்து. தட்டச்சிலேயே பழகிய கை. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன.

அவன் நோட்டை மூடினான். கடையின் வாசல்வரை போனான். காந்திபுரத்துப் பேருந்துகள் எல்லாம் ஒன்றாய் ஹாரன் அடித்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு அக்காவைக் கைபேசியில் அழைத்தான்.

"நோட்டைப் பாத்தியாக்கா?"

"பாத்தேன். நேத்தே என்னுதெல்லாம் மூடிட்டேன்டா. உன் வரைபடம் மட்டுந்தான் தொறந்திருக்கு. வந்து ஓட்டிப் பாரு, தண்ணியாட்டம் போகுது."

நல்ல செய்தி சொல்கிற குரல்.

நான்கு மாதமாகக் கேட்காததை இப்போது எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்தத் தெருவில், இந்த இரைச்சலில், அதற்கான முதல் சொல் எது?

உள்ளே வந்தான். இடதுபக்க உறையை, பதினாறு ஆக்குவதை, கடைக்கார அம்மாவின் பக்கம் நகர்த்தினான். அவள் தலையசைத்து, சீட்டுப் போட எடுத்துக்கொண்டாள்.

"அக்கா. மூடினதை எல்லாம் மறுபடி தொறந்து வை. நான் வந்து அளக்கணும்."

"நாளைக்கு அவங்க வர்றாங்கடா."

"நாளைக்கும் அளக்கணும். நாளன்னைக்கும்."

அக்கா அழைப்பைத் துண்டிக்கவில்லை.

கடைக்கார அம்மா பெயர் கேட்டாள். சொன்னான். எழுதி முடித்துச் சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

பிறகுதான் அது கேட்டது. மறுமுனையில், கணினிமுன் நாற்காலி இழுபடும் சத்தம்.