குளம் இருந்த இடம்

2019ஆம் ஆண்டு மார்ச் பதினாறாம் நாள் காலை, வட ஜெர்மனி. தேரைகள் வண்டிகளில் நசுங்காதிருக்க எங்கள் ஊரார் சாலையோரம் கட்டிய வேலியின் அடியில், அவற்றைப் பிடிக்கப் புதைத்த வாளிகள் நிறைந்திருக்கின்றன. தாம் பிறந்த குளத்தைத் தேடியே அவை முட்டையிட வருகின்றன. என் தங்கை மகள் வீப்கே ஒரு வாளியைச் சாலைக்கு அப்பால் சுமந்து சென்று, திகைத்து நிற்கிறாள். குளம் இருந்த இடத்தில் உழுத மண் ஈரமாக மின்னுகிறது. "ஹார்ம், குளம் எங்கடா?" டிராக்டரின் மேலிருந்து நிலத்துக்காரனான அவன் சிரிக்கிறான். "போன செப்டம்பர்லயே மூடிட்டேன், மக்காச்சோளம் போட. வேலி கட்டுறப்ப ஒருத்தராவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்களாக்கா?" வாளியிலிருந்து நழுவிய பெண் தேரை ஒன்று, முதுகில் ஆண் தேரையைச் சுமந்தபடி, டயர்த் தடத்தில் தேங்கிய நீரில் வயிற்றை அழுத்திக்கொள்கிறது. "பக்கத்துல இருக்கற குவாரிக் குட்டையில விட்டா?" என்கிறேன் நான். வீப்கே நிமிராமலே சொல்கிறாள்: "இங்கயேதான் திரும்பி வரும், பெரியம்மா." எல்லாவற்றையும் குவாரிக் குட்டையில் விடுவதென்றும், குளமே இல்லாததால் அடுத்த ஆண்டு வேலி கட்டுவதில்லை என்றும் ஊரார் முடிவு செய்கிறார்கள்.