முவாஜி கடிக்காத கை

முவாஜி மறுபடியும் ஜின்ஃபாவின் கையை நோக்கிப் பாய்ந்தது.

அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கட்டைவிரலில் போன வாரக் கடியே இன்னும் ஆறவில்லை.

"பாத்தீங்களா டாக்டர், நான் சொன்னேன்ல?" என்றாள் யூலான். புருஷன் கடிபட இருந்ததில் பதற்றப்பட வேண்டியவளின் குரலில் ஏதோ ஜெயித்துவிட்ட தொனி இருந்தது.

முவாஜி இரண்டு முழத்துக்குச் சற்றே கூடுதலான மலைப்பாம்பு. பயந்தால் அரிசி உருண்டைப் பலகாரம்போலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் மகள் பெய்ச்சி அந்தப் பலகாரத்தின் பெயரையே வைத்தாள். பல வருஷமாக யாரையும் கடிக்காத பாம்பு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெய்ச்சி, வயிற்றில் பிள்ளையோடு, ஒரு மழைநாளில் வீட்டை விட்டுப் போனாள். யாருடைய பிள்ளை என்று கடைசிவரை சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தியது ஜின்ஃபா. அந்தச் சத்தம் யூலானின் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதன் பிறகு போன் இல்லை, கடிதாசி இல்லை. கீலுங் நகரம் முழுக்கத் தேடியும் ஒரு தகவல் இல்லை.

கொஞ்ச நாளாக முவாஜி ஜின்ஃபாவை மட்டும் கடிக்கிறது.

செத்தவர்கள் பூமிக்குத் திரும்பி வரும் ஆவி மாதம். வெளியே தெரு நெடுகப் படையல் மேசைகள். ஊதுவத்திப் புகை ஜன்னல் வழியாகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்துகொண்டிருந்தது. யூலானும் காலையில் வாசலில் மேசை போட்டிருந்தாள். ஊர் பேர் தெரியாத ஆவிகளுக்கான தட்டுகளுக்கு நடுவே, பெய்ச்சிக்குப் பிடித்த சேப்பங்கிழங்குக் கேக்கையும் வைத்தாள். பெற்றவள் கையால் வைக்கக் கூடாத படையல்தான். வைத்துவிட்டாள்.

பெய்ச்சி செத்துவிட்டாள், ஆவியாகத் திரும்பி வந்திருக்கிறாள், பாம்புக்குள் இருக்கிறாள், கதவைச் சாத்திய கையைத் தேடித் தேடிக் கடிக்கிறாள். யூலானின் மனதில் இருந்தது இவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. பாம்புக்கு நோய் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், தான் நினைத்தது உறுதியாகிவிடும்.

இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. முவாஜி அவளை ஒரு தடவைகூடக் கடித்ததில்லை. அம்மாமேல் மகளுக்குக் கோபமில்லை. அந்த ஒரு நினைப்பில்தான் ராத்திரிகளில் அவளுக்குக் கண் மூடியது.

டாக்டர் பாம்பை யூலானின் கையில் விட்டாள். வளையல்போலச் சுற்றிக்கொண்டு சாதுவாக இருந்தது. தன் கையில் விட்டுப் பார்த்தாள். நாக்கை நீட்டி முகர்ந்ததோடு சரி. ஜின்ஃபாவின் கை பக்கத்தில் வந்ததுமே கழுத்தை வளைத்துக்கொண்டு தயாரானது.

டாக்டர் அதைப் பெட்டியில் விட்டு மூடினாள்.

"வீட்டுல எலி, முயல் ஏதாச்சும் வளக்கறீங்களாம்மா?"

"இதோட தீனி எலிதான். ஃப்ரீஸர்ல இருக்கும். நான்தான் இடுக்கியால எடுத்துக் குடுத்துட்டு சோப்பு போட்டுக் கழுவிடுவேன். இவரு அந்தப் பக்கமே வரமாட்டாரு, குமட்டும்."

டாக்டர் குனிந்து ஜின்ஃபாவின் கையை முகர்ந்தாள். சிரித்துவிட்டாள்.

"ஐயா கை முழுக்க எலி வாசம். இதுக்குக் கோபமெல்லாம் தெரியாதும்மா. சாப்பாடு வந்துருச்சுன்னு வாயத் தொறக்குது. கையக் கழுவிட்டு வாங்க ஐயா, அப்புறம் தொட்டுப் பாருங்க." முன்னறையில் யாரோ பூனையோடு வந்து கூப்பிட, போய்விட்டாள்.

ஜின்ஃபா அசையவில்லை.

காலையில் துறைமுகத்துக்கு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர், அங்கிருந்து நேராக இங்கே வந்திருந்தார்.

"தூண்டில்ல எலியா மாட்டுச்சு?" என்றாள் யூலான்.

அவர் சுவரைப் பார்த்தார். "வெள்ளெலி. பையனோடது. கையில வாங்கிக் கொஞ்சினாத்தான் என்னை விடறான்."

"எந்தப் பையன்?"

அவர் பார்வை பெய்ச்சியின் பாம்பு இருந்த பெட்டிக்குப் போனது. யூலான் பெட்டி இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்காளா?"

"என்ன பேச்சு பேசற! அவளுக்கென்ன?" ஜின்ஃபா உண்மையாகவே அதிர்ந்துபோனார்.

உயிரோடிருக்கும் பிள்ளைக்குப் படையல் வைத்த கை அவளுடையது. ஆனாலும் அதையெல்லாம் தாண்டிச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுதபடியே கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வாங்க, இப்பவே போலாம். எங்கிட்ட ஏன் சொல்லல, பாவி மனுஷா?"

"சொன்னா என்னையும் உள்ள விடமாட்டேன்னுட்டா."

"நீங்கதானே கதவச் சாத்தினீங்க? நான் என்ன பண்ணினேன்?"

ஜின்ஃபா அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மழை உள்ள அடிச்சுது, சாத்தினேன். அதுக்கு முன்னாடி நீ சொன்ன. பிள்ளை செத்துப் பொறந்தா வா, இல்லேன்னா வராதேன்னு." நிறுத்தி, மெல்லச் சொன்னார். "நல்லாத்தான் பொறந்தான், யூலான். அதான் அவ வரல."

யூலானின் தோளிலிருந்து பை நழுவியது.

ஜின்ஃபா மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

"கழுவாதீங்க," என்றாள்.

ஓடி வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து முகத்தோடு அழுத்திக்கொண்டாள். வெள்ளெலிக் கூண்டின் மரத்தூள் வாசம் வந்தது, எலி வாசம் வந்தது. அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துத் தேடினாள்.