புள்ளிக்காரி

"ஏங்க, வர்ற மனுஷன் கொம்பைப் பார்ப்பாரா, மடியைப் பார்ப்பாரா?"

கெம்பபாசி கேட்டதும் கணவன் பாரிகியே வாய்விட்டுச் சிரித்தார்.

"எந்த மானஸ்தன் மடியைத் தடவிப் பார்த்துப் பரிச மாடு பிடிப்பான்? கொம்பு, நெறம், நடை! நம்ம அன்கோலே சீமையில வேற பேச்சே கிடையாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்த மகனுக்குக் கல்யாணம். பரிசமாகப் போகவேண்டிய நாலு மாடுகளைப் பெண்ணின் தாய்மாமன் இன்று தொழுவத்துக்கே வந்து தேர்ந்தெடுப்பார். அவர் கோல் எந்த முதுகில் படுகிறதோ, அந்த மாடு பெண் வீட்டுக்கு. இல்லையென்று சொன்னால் கல்யாணம் நின்றுவிடும்.

தொழுவம் நிறைய நீளக்கொம்பு மாடுகள் இருந்தாலும், வீட்டில் அடுப்பெரிவதும் சின்னதுகள் இரண்டும் பள்ளிக்கூடம் போவதும் புள்ளிக்காரியின் மடியை நம்பித்தான். பாரிகியேயின் செல்ல மாடான பிஹோகோவுக்குச் சீமைக் காளையின் சினை ஊசி போட்டுப் பிறந்த கன்று அது. தாயின் செம்பழுப்பு நிறமும் வரவில்லை, வானத்தைத் தொடும் கொம்பும் வரவில்லை. கறுப்பு வெள்ளைத் திட்டும் விரல் நீளக் கொம்புமாக வந்து விழுந்ததைப் பார்த்து, பாரிகியே தலையில் அடித்துக்கொண்டார். வளர்ந்த பிறகோ, தாய் ஒரு சொம்பு கறந்தால் மகள் குடம் குடமாய்க் கறந்தது. அழகையும் பாலையும் ஒன்றாகக் கொடுக்க ஆண்டவனுக்கு ஏனோ மனம் வருவதில்லை என்று கெம்பபாசி நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய பயமெல்லாம் மணப்பெண் கியாரிசீமாவைப் பற்றித்தான். பால் நிலையத்தில் இந்த வீட்டுப் பாலைத் தினமும் அளந்து வாங்குகிறவளே அவள்தான். எந்த மாட்டுப் பால் என்று அவளுக்குத் தெரியாதா? மாமன் காதில் போடாமலா இருப்பாள்?

அதனால் புள்ளிக்காரியை மகனை விட்டு ஒட்டக் கறக்கச் செய்து, வற்றிய மடியில் தன் கையாலேயே சாணியை அப்பி வைத்திருந்தாள்.

மாமன் கதுராமு நீண்ட கோலோடு வந்து உட்கார்ந்தார். மரக் குடுவையில் கொடுத்த பாலை ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்பினார்.

"என்ன தங்கச்சி, பால் தண்ணியா இருக்கு? கொம்பு மாட்டுப் பால்னா நாக்குல ஒட்டுமே?"

"மழைப் புல்லு தின்னுதுங்க அண்ணா, அதான்..."

அவர் தலையாட்டிக்கொண்டு எழுந்தார். தொழுவத்தைச் சுற்றி வந்தவர் மூன்று நீளக்கொம்பு மாடுகளைக் கோலால் தொட்டார். பிறகு நேராகப் புள்ளிக்காரி முன்னால் போய் நின்றார்.

"இதென்ன மாடா? கந்தலுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு!"

"சீமைச் சரக்குண்ணா. பாலும் சுமார்தான்" என்றாள் அவசரமாக.

"அப்படியா?" குனிந்து மடியை ஒரு பார்வை பார்த்தார். கோலை உயர்த்தினார். அவர் சாவகாசமாக அந்தக் கோலால் தன் முதுகைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார். நகர்ந்தவர் பிஹோகோவின் முதுகில் கோலை வைத்தார்.

பாரிகியேயின் முகம் செத்துவிட்டது. கன்றாய் இருந்த நாளிலிருந்து பாட்டுக் கட்டிப் பாடி வளர்த்த மாடு.

"அதுக்குப் பால் ரொம்பக் கம்மி சம்பந்தி" என்றார் ஈனக்குரலில்.

"பாலுக்கா பிடிக்கிறோம்? அழகுக்கு!" என்று கதுராமு சிரித்தார்.

கணவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கெம்பபாசிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கொம்பைப் பார்த்து மயங்குகிற ஆண்பிள்ளைகளை மனசுக்குள் வாழ்த்தினாள்.

நாலு மாடுகளும் வாசலைத் தாண்டின. பாரிகியே பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டார். பின்னால் போன கதுராமு மட்டும் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்த மடியில இருக்கற சாணியைக் கழுவி விட்டுடு. காஞ்சா காம்பு வெடிச்சிடும்."

கெம்பபாசிக்குத் தலை நிமிரவில்லை. "தெரிஞ்சுமா விட்டுட்டுப் போறீங்க?"

"நானா விட்டேன்? எல்லாம் உன் மருமக உத்தரவு. 'புள்ளிக்காரியைத் தொட்டுடாதீங்க மாமா, அது என் பிள்ளைங்க குடிக்கப்போற பால்; அதைப் பெத்தவளை மட்டும் எப்படியாவது ஓட்டிட்டு வந்துடுங்க, அதே ஊசியைப் போட்டு இன்னொரு புள்ளிக்காரியை நம்ம வீட்டுல பெத்துக்கலாம்'னு சொல்லித்தானே அனுப்பினா!"