பெருக்கிய காடு

"சேங்தா, உனக்கு வெட்கமா இல்ல? ஊரே விடியக்காலையில எந்திரிச்சுப் பெருக்கியிருக்கு. உன் பங்கைப் பாரு, கால் வைக்க முடியல!"

ஊர்த் தலைவர் இன்கேவ் காது கிழியக் கத்தினார்.

வனத்துறை அதிகாரி காட்டைப் பார்க்க வருகிறார். தாய்லாந்தின் லம்பாங் பக்கத்து ஊர்களில் விருந்தாளி வந்தால் வாசலைப் பெருக்குவார்கள். இந்த ஊர்க்காரர்களோ, வீட்டுக்கு ஒரு பங்காகக் கயிறு கட்டிப் பிரித்து, காட்டையே பெருக்கிவிட்டார்கள்!

ஏதோ சொல்ல வாயெடுத்த சேங்தா, சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். காடு சரியில்லை என்று அதிகாரி எழுதிவிட்டால் மூன்று வருஷத்துக்கு யாரும் உள்ளே போக முடியாது. காளான் பொறுக்கி விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

அதிகாரி நரிசா வந்து இறங்கினாள். கையில் ஒரு சதுர மூங்கில் சட்டம். அதைத் தரையில் போட்டு, உள்ளே எவ்வளவு இடத்தை உதிர்ந்த இலை மூடியிருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் அவள் வேலை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

முதல் இடம். சட்டத்துக்குள் ஒரே ஒரு தேக்கிலை.

நரிசாவின் முகம் சுருங்கியது. தலைவர் பாய்ந்து குனிந்து அந்த இலையையும் எடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, இது ஒண்ணு மட்டும் கண்ணுல படாமப் போச்சு!"

"ஐயோ, கீழ வைங்க! அதைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன்!"

அடுத்த இடம். "இது எங்க வீட்டுப் பங்கும்மா. கண்ணாடி மாதிரி இல்ல?"

"பூஜ்யம்."

"பாத்தீங்களா!" தலைவர் முகமெல்லாம் பல்.

"பூஜ்யம்னா காட்டுக்கு உடம்பு சரியில்லன்னு அர்த்தம். இலை மூடியிருந்தாத்தான் மண்ணு காயாது, மழையில கரையாது. உங்க காளானுக்கே அதுதாங்க போர்வை."

அத்தனை விளக்குமாறும் சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் போயின.

"பெருக்காத இடம் எதுவும் இல்லையா?"

ஊரே சேங்தாவின் பங்கைக் கை காட்டியது. நரிசா கணுக்கால் புதைய நடந்தாள். இலையை விலக்கினாள். ஈர மண், நெளியும் புழு, விழுந்தடித்து ஓடும் வண்டு.

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு! காடு நல்லாத்தாங்க இருக்கு. குமிச்சு வச்சதை எல்லாம் திரும்பப் பரப்புங்க. அடுத்த மாசம் வந்து அளக்கறேன். காட்டை மூடச் சொல்லி இப்ப எழுதல."

அவ்வளவுதான். சொங்க்ரான் புத்தாண்டுத் திருவிழாவில் தண்ணீரை வாரி இறைப்பதுபோல் ஊரே இலையை வாரி இறைத்துக்கொண்டது. பெரிய மனுஷர்களெல்லாம் குவியலில் விழுந்து புரண்டார்கள். சேங்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலையெல்லாம் சருகோடு தலைவர் அவளிடம் ஒதுங்கினார்.

"பெரிய ஆளு தங்கச்சி நீ! பெருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுதானே விட்டு வச்சே?"

"எனக்கு என்ன அண்ணே தெரியும்? அண்ணி பிள்ளை பெத்துப் பத்து நாள்கூட ஆகல, நீங்க ஊரை விரட்டிக்கிட்டு இருந்தீங்க. உங்க வீட்டுப் பங்கைப் பெருக்கி முடிக்கவே எனக்கு விடிஞ்சு போச்சு."