வியாழக்கிழமைச் சட்டை

கணவர் தெருமுனை திரும்பும்வரை அவள் மருந்துக்கடை வாசலிலேயே நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள். கட்டின புருஷனைக் களவாணி மாதிரிப் பின்தொடர வேண்டியதாகிவிட்டதே என்று உடம்பெல்லாம் கூசியது.

நடக்கும்போதே கைப்பையைத் துழாவி ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கிராம்பு இல்லாமல் அவளைப் பார்ப்பது அபூர்வம். தையற்கடையில் எல்லாரும் பல்வலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சில வாரங்களாக வியாழக்கிழமை மாலையானால் அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எங்கே என்று கேட்டால், ஒரு ஆளைப் பார்க்கணும் என்பதோடு சரி. பக்கத்து மெஷின்காரியிடம் வாய் தவறி இதைச் சொன்னதுதான் வினையாகிப்போனது.

“ஆம்பளை தன் சட்டையத் தானே தேய்ச்சுக்கிட்டா, அதைக் கசக்க ஒருத்தி இருக்கான்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. வீட்டில் பேச்சு குறைந்து நாளாகிவிட்டது. மாவு டப்பாவுக்குப் பின்னாலும் பரண் மேலும் சேரும் காலி பாட்டில்களை அவர் விடிவதற்குள் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோவார். அவள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன வாரம் மட்டும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “இனிமே என்னால முடியலடி” என்றார். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விடுவாரோ என்ற பயம் அன்று பிடித்தது.

அவர் நூலகத்தின் பின்பக்கமாகப் போய் மாடிப்படி ஏறினார். படிக்குக் கீழே ஒரு சின்னப் பலகை. குடியிலிருந்து மீள விரும்புவோர் கூட்டம் மாடியில் என்றது அது.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. வீட்டுக்குள் மூடிவைத்ததை இவர் மாடியேறி வந்து ஊராரிடம் அவிழ்த்துக்கொண்டிருக்கிறாரே, இதற்கு ஒருத்தியே தேவலை என்று தோன்றியது.

திரும்பிப் போயிருப்பாள். ஆனால் பெட்டியும் கையுமாக அவர் வாசலில் நிற்பதுபோல் கண்ணில் வந்து வந்து போனது. கால் தானாகப் படியேறியது.

மேலே நடைவழியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் பருத்த உடம்புக்காரி ஒருத்தி. இவளுடைய முக்காட்டையும் கை நடுக்கத்தையும் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“முதல் தடவையாம்மா? பயப்படாத. இடது ரூம் குடிக்கிறவங்களுக்கு. வலது ரூம் அவங்களைக் கட்டிக்கிட்டு அழற நம்மளுக்கு. என் வீட்டுக்காரர் அங்க, நான் இங்க. வீட்டுல ஒண்ணா இருக்கமோ இல்லையோ, வியாழக்கிழமையானா ஒரே கூரைக்குக் கீழ வந்துடுறோம்.”

இவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாடியேறி வரும் பெண்ணிடம் எந்த அறை என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. பருத்த உடம்புக்காரி கோப்பையைக் கையில் திணித்தாள், தோளைத் தடவிக்கொடுத்தாள். வீட்டில் குடிக்கிற ஆளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றாள். எவ்வளவு பொறுமை இருந்தால் இத்தனை நாள் தாங்கியிருப்பாய் என்றாள்.

ஒவ்வொரு நல்ல வார்த்தையும் கன்னத்தில் விழுந்ததுபோல் இருந்தது. தேநீர் தளும்பி விரலில் வழிந்தது.

“அழணும்னா அழுதுடு. நீ என்ன தப்புப் பண்ணின, இப்படித் தலையைக் குனிஞ்சுக்கறதுக்கு?”

இவள் மணிக்கட்டைப் பற்றி அழைத்துக்கொண்டு போய், பருத்த உடம்புக்காரி வலப்பக்கக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே வட்டமாகப் போட்ட நாற்காலிகள். நேர் எதிரே, மடிப்புக் கலையாத சட்டையோடு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் பாதி எழுந்தார். முகத்தில் கோபமில்லை, பிடிபட்டுவிட்ட திகைப்புமில்லை. நாலு பேர் நடுவில் இவள் மானம் போய்விடக்கூடாதே என்ற பதைப்புதான் தெரிந்தது. மறுகணமே, முன்பின் தெரியாதவளைப் பார்த்தவர்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“போய் உட்காரும்மா, அந்தத் தம்பி பக்கத்துல இடம் இருக்கு” என்றாள் பருத்த உடம்புக்காரி.

உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் அந்த அறையில் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அவள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முக்காட்டை எடுத்தாள்.

“நான் இடது ரூம், அக்கா.”