சம்மதத்துக்கு முன் ஒரு வரி

மூன்று முறை கேட்டாகிவிட்டது. ஷரீஃபுன்னிசா வாய் திறக்கவில்லை.

நிக்காஹ்வுக்குப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வரும்படி, நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத் அனுப்பியிருந்தார். பெண்ணுக்காகப் பேசும் பொறுப்பு தம்பி மஜீதுக்கு. கூடவே இரண்டு சாட்சிகள். திரைக்கு அந்தப் பக்கம் ராயபுரத்து ஜமாத்தில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மௌனம்தான் சம்மதம் என்று ஒரு சாட்சி திரும்பி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். பாவம், பிரியாணி தேக்சாவின் மூடி திறக்கிற சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் ஷரீஃபுன்னிசா.

கன்னிப்பெண் பேசாமலிருந்தால் அது சம்மதம். ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனை மண்ணில் வைத்தவள், வாய்விட்டுச் சொன்னால்தான் சம்மதம். அவளுக்கு நாற்பத்தாறு வயது. புருஷன் போய்ப் பத்து வருஷம். மார்க்கம் கொடுத்த அந்த உரிமையை அவள் விடுவதாக இல்லை.

"கோணிக் கொட்டாயில மாப்ளைக்குப் பாத்தியம் இல்ல. அவரு புள்ளைங்களுக்கும் இல்ல, வேற யாருக்கும் இல்ல. அது நான் ஒழச்ச காசுல நானே வாங்கினது. இப்பிடியே நிக்காஹ் தஃப்தர்ல எழுதட்டும். என் பக்கத்துக்கு நீ கையெழுத்துப் போடு மஜீது. அப்பாலதான் சம்மதம் சொல்வேன்."

பெண்கள் பக்கம் சலசலத்தது. இந்த வயதில் ஒருத்தன் கிடைத்ததே பெரிது, இதில் இவளுக்கு நிபந்தனை வேறா என்று யாரோ காதுபடவே சொன்னார்கள்.

ஷரீஃபுன்னிசா தலையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் இவர்களில் ஒருத்தியும் இங்கே இல்லை. தண்டையார்பேட்டை ரயில் பாதையோரத்து மனையை அதன் சொந்தக்காரர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனபோது, வாங்கியவள் இவள்தான்.

துறைமுகத்தில் கழித்துப் போட்ட கிழிசல் கோணிகளை வாங்கி, ஒட்டுப் போட்டுத் தைத்து, அரிசி மண்டிகளுக்கு விற்றுச் சேர்த்த பணம். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தது அவள்; ரிஜிஸ்தர் ஆபீசில் அதை நீட்டியது மஜீது. இன்று அந்தக் கொட்டாயில் பதினாலு பெண்கள் கோணி தைத்துப் பிழைக்கிறார்கள்.

போன வாரம்தான் மஜீது வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்தாளுக்கு மூணு பசங்க கீறாங்க அக்கா. கொட்டாயை என் பேருக்கு எழுதிடு, நான் பத்திரமா வச்சிகினு இருப்பேன்" என்றான். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இப்போது நிபந்தனையைக் கேட்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல். தான் ஓதியது அக்கா மண்டையில் ஏறிவிட்டது என்றே நினைத்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் போய், எங்க அக்கா சொத்தில் மாப்பிள்ளை கை வைக்கக் கூடாது என்று ஜமாத்துக்கு முன்னால் முழங்கினான். மாப்பிள்ளை எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

காஜா மொய்தீன் எழுந்திருக்கவில்லை. துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. மனைவியை இழந்து ஆறு வருஷம். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"எழுதுங்க ஹஜ்ரத்" என்றார்.

அவள் சொன்னதைச் சாட்சிகள் அப்படியே ஒப்பிக்க, ஹஜ்ரத் எழுதி, உரக்கப் படித்தார். மாப்பிள்ளைக்குப் பாத்தியம் இல்லை என்ற இடத்தில் மஜீது மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை முடிவதற்குள் வாசகம் முடிந்துவிட்டது. தஃப்தரைத் தன் பக்கம் இழுத்து, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டான். சாட்சிகளும் போட்டார்கள்.

உள்ளே மஜீதின் மனைவி ஜெரினா கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டிருந்தாள்.

கோர்ட்டில் போடுவதற்காக மஜீது எழுதி வாங்கிய மனு அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. மனை வாங்கிய பணம் தன்னுடையது, அக்கா பெயர் வெறும் பினாமி, கொட்டாயைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்கிற மனு. அக்கா தன் காசில் வாங்கியது என்ற வரிக்கு அவனே கையெழுத்துப் போட்டுவிட்டான்; இனி அந்த மனு அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

அந்த மனுவைப் பற்றி ஷரீஃபுன்னிசாவுக்கும் தெரியும். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. தெரிந்த அன்று அழுது தீர்த்துவிட்டாள், சோறு இறங்கவில்லை. இன்று அழுகை வரவில்லை.

மஜீது வெற்றி வீரனாய்த் திரும்பி வந்தான். "எழுதியாச்சு. இப்பவாவது வாயைத் தொறந்து சொல்லுக்கா."

"சம்மதம்" என்றாள் அவள். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மனு எழுதிக் கொடுத்தவர் காஜா மொய்தீனுக்குப் பழைய தோஸ்து. பதினைந்து நாள் முன்பு கொட்டாய்க்கு வந்து விஷயத்தைச் சொன்னவரும், தஃப்தரில் ஏற வேண்டிய வரியை அவளுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுத்தவரும் காஜா மொய்தீன்தான்.

உங்களை எதற்கு ஊர் முன்னால் திருடன் மாதிரி நிறுத்த வேண்டும் என்று அவள் சண்டை பிடித்தாள். அவர் சிரித்தார்.

"மொதல்ல என் பேரைப் போடு. அந்தக் குஷில மஜீது மீதியைக் கேக்கமாட்டான்."