பூட்டிய கால்

"சாராயக்கடைக்கு நடக்கக் கால் வேணும்ல?" என்று தச்சனின் மனைவி அவனுடைய மரக்காலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பட்டாளத்தில் குண்டுபட்டுப் போன காலுக்குப் பதிலாக அவனே இழைத்துக்கொண்டது அது; ஊரே மெச்சிய வேலை.

காலையில் கெஞ்சினான். மதியத்துக்குள் கைகள் வெடவெடக்க, அலமாரிவரை தவழ்ந்தே வந்துவிட்டான்.

"சத்தியமா கடைக்குப் போகமாட்டேன். வாசலைக்கூடத் தாண்டமாட்டேன். அது இல்லாம நான் பாதி மனுஷன்டி!"

கல்லும் கரையும் அந்த அழுகைக்கு. வாசற்கதவைத் தாழிட்டுவிட்டு, மரக்காலை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

சொன்ன சொல் தவறவில்லை அவன். வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அழுதுகொண்டே மரக்காலின் பாதத்தைத் திருகிக் கழற்றி, உள்ளே குடைந்து ஊற்றி வைத்திருந்த சாராயத்தை வாயில் கவிழ்த்துக்கொண்டான்.